பின்னால் வருவது

ஜூன் இருபத்துமூன்று. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
யூசெபியா சிர்ப்பா கதவைத் திறந்து
ஆட்டுப்பட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து
வடகிழக்கே பார்க்கிறாள்.

நாம் கார்த்திகை என்னும் மீன்களுக்கு
அவள் ஊரில் குவியல் என்று பெயர்.
பளிச்சென்று எழுந்தால் மழை முந்தும்.
மங்கினால் பிந்தும், நடவும் பிந்த வேண்டும்.
இன்று பளிச்சென்றும் இல்லை, மங்கலும் இல்லை.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை பார்க்கிறாள்.
வானம் தன் பதிலை மாற்றவில்லை.

உள்ளே, லா பாஸிலிருந்து வந்த நில்டா
கேள்வித்தாளோடு அடுப்பருகே காத்திருக்கிறாள்.
பதினோராவது கேள்வி:
எதிர்காலத்தை எவ்வாறு கணிக்கிறீர்கள்?
நான்கு கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறியிடவும்.

யூசெபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஐமாராவில் நாளை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.
நேற்றுதான் கண்ணெதிரே.
பார்த்தாயிற்று, அதனால் முன்னால்.
நாளையைப் பார்த்தவர் யார்?

இதைக் கேட்ட இரவு
என் நாக்கையே புரட்டிப் பார்த்தேன்.
முன்னோர் என்றால் போய்விட்டவர்கள்.
முன்னொரு நாள் என்றால் முடிந்த நாள்.
பின்னால் சொல்கிறேன் என்றால்
இன்னும் சொல்லவில்லை.
மொழிக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.
இடையில் யார் வந்து
எதிர்காலம் என்று பெயர் வைத்து
அதை நம் முகத்துக்கு நேரே நிறுத்தியது?

விதைக்கிழங்கை அவள் மூன்றாகப் பிரித்தாள்.
ஒன்று செப்டம்பருக்கு, ஒன்று அக்டோபருக்கு,
கடைசி நவம்பருக்கு, மேட்டு நிலத்தில்.
எது விளையும், என்றாள் நில்டா.
தெரிந்தால் ஒரே குவியலாக வைத்திருப்பேனே.

எல் ஆல்ட்டோவில் மினிபஸ் ஓட்டும் மகன் ஃபெர்மின்
போனில் கத்தினான்:
ஆப்பில் மழை காட்டுகிறது, மொத்தத்தையும் இப்போதே நடு.
சரி என்றாள்.
அந்தச் சரி எந்தச் சரி என்று அவனுக்குத் தெரியும்.

முதல் நடவு மண்ணுக்குள்ளேயே வற்றிப்போனது.
இரண்டாவது முழங்கால் உயரம் வந்து, பூத்து,
பிப்ரவரியில் ஒரே இரவுப் பனியில்
கருகிய தாளாகச் சுருண்டது.
மேட்டில் இருந்தவற்றுக்குக் கீழே
குளிர் வழிந்து ஓடிவிட்டது.
கோழிமுட்டை அளவுக்குத்தான் கிழங்கு, ஆனால் கிழங்கு.

உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றார்கள் ஊரில்.
மூன்றில் இரண்டு தப்பு, என்றாள், எண்ணிக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் ஃபெர்மின்
வண்டியை விற்றுக் கடனை அடைத்து
ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றதை
எந்த மீனும் சொல்லவில்லை.
அன்று அவனுக்குக் குழம்பில் விழுந்தது சுன்யோ:
அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில்
அவள் பனியில் உறையவைத்து
காலால் மிதித்து நீர் எடுத்து
வெயிலில் காயவைத்த கறுத்த கிழங்கு.
யாருக்கென்று தெரியாமல்தான்
மூட்டையின் வாயைக் கட்டியிருந்தாள்.

மறுபடி ஜூன்.
இலைகளைக் கொன்ற அதே பனிக்காக
இப்போது கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.
இன்றிரவு உறையும் என்று எப்படித் தெரியும்,
என்கிறான் மகன், போனைப் பார்த்தபடி.

சால்வையை இழுத்து முதுகில் இறுக்குகிறாள்.
இதற்குக் கண் கிடையாது, என்கிறாள்.
குளிர் மட்டும் முதலில் இங்கேதான் ஏறும்.
நீ அந்த வைக்கோலைப் பரப்பு.