ஒரு கால் கூடுதல்

கண்டி மண்டபத்தில் ஏசி பல்லைக் கிட்டவைத்தது.
நுவரெலியாப் பனியில் பதினாறு வருடம்
ஜீப் ஓட்டியவன் நான், எனக்கே.
டிரைவர்மாருக்கு விட்ட கடைசி வரிசையில்
கேக் துண்டைக் கைலேஞ்சியில் மடித்து வைத்திருந்தேன்.

மேடையில் பெயர் வாசித்தார்கள்.
சிங்களத்தில் சரி.
ஆங்கிலத்தில் சரி.
தமிழில் மட்டும்
மிருக வைத்தியர் நேசாமலர்.

இருபத்திரண்டு வருடச் சேவை,
சினை ஊசி பதினோராயிரம்,
மடிநோய் பற்றி இரண்டு ஆய்வு.
எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்,
ஸ்டியரிங் பிடித்த கை,
சத்தம் கூடிப்போய்
முன்வரிசை ஒருதரம் திரும்பிப் பார்த்தது.

படியிறங்கி வந்து சான்றிதழை நீட்டினார்:
"பாருங்க, எனக்கு ஒரு கால் கூட வச்சிட்டாங்க.
அஞ்சு காலோட ஒரு கன்னு
பொகவந்தலாவையில பாத்திருக்கேன்.
டொக்டர் இதுதான் முதல்."

சிரித்தேன். ஆனால்
மேடையில் வாசிக்காத கால் ஒன்று
என் நினைவில் மடங்கிக் கிடந்தது.

மூன்றாம் நம்பர் லயத்துக்குப் பின்னால்
தகரம் போட்ட மாட்டுக்காலை. ஐப்பசி மழை.
டொர்ச் பிடித்தவன் நான்.
பால் சங்கத்துக் கடனில் வாங்கிய மாடு,
தலைச்சன் ஈற்று,
ஒரு குளம்பு வெளியே, மற்றது இல்லை.
பூமயில் அழவில்லை, தவணையைத்தான்
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
டொக்டர் சேற்றில் குப்புறப் படுத்தார்.
சவர்க்காரத் தண்ணீர். தோள்வரை கை.
கன்றை முதலில் உள்ளே தள்ளினார்.
(வெளியே இழுக்க வந்தவர் உள்ளே தள்ளுவதை
அன்றுதான் பார்த்தேன்.)
மடங்கிய முழங்காலைத் தேடிப் பிடித்து
குளம்பை உள்ளங்கையால் பொத்தி,
கருப்பை கிழிந்துவிடாமல்,
முட்டை எடுப்பதுபோல் எடுத்தார்.
இடையில் மாடு முக்கியதில்
அவர் பெருவிரல் பிசகியது.
இன்றைக்கும் கண்ணாடிக் கோப்பையை
நாலு விரலால்தான் வாங்கினார்,
படம் பிடித்தவர் "சரியாப் பிடிங்க மேடம்" என்றார்.

இன்னொரு காலும் உண்டு.
அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.
காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில்
பின்னங்கால் மாட்டிய சிறுத்தை.
மயக்க ஊசி போட வனசீவராசி வைத்தியர்
தூரத்திலிருந்து வரவேண்டும்.
நாலு மணித்தியாலம்
சிறுத்தைக்கு முதுகு காட்டி,
போன் தூக்கிய கூட்டத்துக்கு முகம் காட்டி
நின்றார் எங்கள் மாட்டு டொக்டர்.
வண்டி வந்தபோது அது இல்லை.
கம்பி யாருடையது என்று அவருக்குத் தெரியும்.
அறிக்கையில் எழுதினார்.
அடுத்த கிழமை அதே வீட்டுப் பசுவுக்குப் போய்
ஊசியும் போட்டார்.
தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள்.
அதை மட்டும் குடிக்கவில்லை.

கம்பளை, நாவலப்பிட்டி கடந்து
கினிகத்தேனையில் போன் அடித்தது.
ஈன்று இரண்டாம் நாள், பசு விழுந்து கிடக்குது,
காது ஐஸ் மாதிரி.
டொக்டர் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகினார்.
சீற்றுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கும்
கம்பூட்ஸ், கல்சியம் போத்தல்.
போத்தலை மடியில் வைத்து வயிற்றோடு அணைத்துச்
சூடேற்றிக்கொண்டே வந்தார்,
கண்ணாடிக் கோப்பை காலடியில் உருண்டது.

கழுத்து நரம்பில் சொட்டுச் சொட்டாக.
நெஞ்சில் காது வைத்து, கேட்டுக் கேட்டு.
ஹட்டன் பக்கம் கடைசி ரயில் கூவியது.
பசு ஏப்பம் விட்டது,
சாணி போட்டது,
பின்பக்கம் முதலில் தூக்கி
ஆடி ஆடி எழுந்து நின்றது.
எண்ணிப் பார்த்தேன். நாலு.

ஜீப்பில் ஏறியதும் பேனை கேட்டார்.
பெயரைத் திருத்தப் போகிறார் என்று
உள்லைட்டைப் போட்டேன்.
சான்றிதழ் உறையின் பின்பக்கத்தில்
பசுவின் காதிலக்கம் எழுதினார்,
மருந்து, அளவு, நேரம்.
"நாளைக்குக் காலையில திரும்ப வரணும்," என்றார்.
நான் கேக்கை நீட்டினேன்.
கை கழுவப் பீலி எங்கே என்று
அப்போதுதான் தேடினார்.