மூன்றாம் பத்தி

முதல் பத்தியில் வாழ்த்து.
இரண்டாவதில் எழுபது சொச்சம் ஆண்டுகள்.
மூன்றாம் பத்தி எப்போதும் என் தலையில்:
கச்சா எண்ணெய், உரம், சூரியகாந்தி, அணு உலை,
கடைசி வரியில் நட்பு.

மாஸ்கோவில் பிப்ரவரி. ஐந்தாம் மாடியில்
வெந்நீர்க் குழாய் இருமிக்கொண்டிருக்கிறது.
வலேரியான் ப்ரோகொபியெவிச் தாளை வைத்துவிட்டு,
"ரிம்மா அனதோலியெவ்னா, ஆறு மணிக்குள் இந்தியில் வேண்டும்.
இந்தியர்களின் மனசைத் தொட வேண்டும்" என்கிறார்.
அவர் அறிந்த இந்தியா
ஒரு தேயிலை டப்பா, ஒரு மாநாடு, மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

போர் என்ற சொல் தாளில் எங்கும் இல்லை.
'நிலவும் சூழல்' என்று இருக்கிறது.
அதை இந்தியில் சொல்வது சுலபம்.
எந்த மொழியிலும் சுலபம்.

கீழ்த்தளத்தில் கணக்குப் பார்க்கும் நெல்லியிடம்
இரண்டாம் பத்தியைக் காட்டினால் சிரிப்பாள்.
எண்ணெய் போய்விட்டது, ரூபாய் வந்துவிட்டது,
வந்த ரூபாய் மும்பை வங்கி ஒன்றில்
கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன்போல
வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பாள்.
அதை வைத்து என்ன வாங்கலாம் என்று
பட்டியல் போடுவதுதான் அவள் வேலை.
அவள் மகன் க்ளெப் நிலவும் சூழலில் இருக்கிறான்.
பத்து நாளைக்கு ஒருமுறை செய்தி வரும்:
உயிரோடு இருக்கிறேன். காலுறை அனுப்பு.

மதியம் மருந்துக் கடைக்குப் போனேன்.
என் தைராய்டு மாத்திரை இப்போது அகமதாபாத்திலிருந்து வருகிறது.
உள்ளே நான்காய் மடித்த காகிதம்,
ரஷ்ய மொழியில், யாரோ அகராதியைத் திறந்துவைத்து
இரவில் கண்விழித்து எழுதியது.
குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்பதற்குப் பதில்
*குழந்தைப் பருவத்திலிருந்து விலக்கி வைக்கவும்.*

நடைபாதையில், பனிச்சேற்றில், அப்படியே நின்றேன்.
அந்த ஆள் ஆணா பெண்ணா தெரியாது.
ஆறு மணி கெடு அவருக்கும் இருந்திருக்கும்.
இத்தனை ஆண்டுகளில்
அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த ஒரே பதில்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
காலத்தின் உரைகல்லில் தேறிய நட்பு.
தேறியது என்பதற்கு இந்தியில் 'கரீ' என்பார்கள்.
மாசில்லாதது, சொக்கத் தங்கம்.
முதல் எழுத்தின் பக்கத்தில் ஒரு துணைக்கால் நிறுத்தினால்
'காரீ'.
உப்புக் கரிப்பது.
ஒற்றைக் கோடுதான்,
மழைக்கு ஒதுங்கிய ஆள் மாதிரி நிற்கும்.

நிறுத்தினேன்.
எடுத்தேன்.
வெந்நீர்க் குழாய் ஒருமுறை இருமியது.
மறுபடி நிறுத்தினேன்.

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பியாயிற்று.
"தொடுமா?" என்றார் வலேரியான் ப்ரோகொபியெவிச், மேல்கோட்டுக்குள் கை நுழைத்தபடி.
"தொடும்."

ஒரு வாரம் காத்திருந்தேன்.
தில்லியிலிருந்து யாரும் சிரிக்கவில்லை,
மாஸ்கோவில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
மூன்றாம் பத்திவரை யாரும் வருவதில்லை போலிருக்கிறது.

எட்டாம் நாள் நெல்லி மேலே ஏறி வந்தாள்.
மூச்சு வாங்கியது. கையில் ஒரு பொட்டலம்,
சந்தையில் வாங்கிய கம்பளிக் காலுறை, ஆறு ஜோடி,
லூதியானாவில் நெய்தது.
"உள்ளே ஏதோ துணித்துண்டு தைத்திருக்கிறது.
உங்கள் எழுத்துதானே, படியுங்கள்."

விளக்கடியில் பிடித்துப் படித்தேன்,
மாநாட்டு மேடையில் வாசிப்பதைவிட நிதானமாக:
சுடுநீரில் போடாதீர்.
முறுக்கிப் பிழியாதீர்.
நிழலில் உலர்த்தவும்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான், நெல்லி.
ஒரு சொல்லும் மாற்றவில்லை.