தூம்பாப் பெட்டி

விளக்கை அணைத்துவிட்டுச்
சுவர் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்:
கோயில்பிள்ளை நான்,
மோதினார் சிக்கந்தர்,
காளியம்மன் பூசாரி ஒச்சப்பன்.
முதுகுக்குப் பின்னால்
மூடி திறந்த தூம்பாப் பெட்டி.
கடைசியாக அது போனது செலினுக்கு.
ஏழு வயசு.
பாதிப் பெட்டி காலியாகவே போனது.

பூசையில், ஜும்மாவில், அம்மன் சாட்டில்
ஒரே பேச்சுத்தான் சொன்னோம்:
கொண்டுவந்து போடுங்கள்,
முகம் பார்க்க மாட்டோம்.

பண்ணைக்காட்டில் இருமலுக்கும் முகம் உண்டு.
இது காப்பிக்களத்துத் தூசி இருமல்.
இது இடது செருப்பை இழுக்கிற நடை.
சாக்கு அவிழும்.
மரத்தில் இரும்பு உட்காரும்.
சிக்கந்தர் என் முழங்காலைத் தொட்டு
எண்ணிக்கொள்வார்.

இருட்டிலிருந்து ஒரு குரல்:
"பன்னி வந்தா?"
ஒச்சப்பன் சுவரிடம் சொன்னார்:
"மூணு உண்டியலும் உடைச்சாச்சு. சூரியவேலி வருது."
"எப்போ?"
சுவர் பேசவில்லை.

கோழி கூவும் நேரம்
செலினுடைய அப்பன் வந்தான்.
அவன் துப்பாக்கி அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.
பிறகு என்ன?
தகர டப்பா திறந்தது.
ஆலங்கட்டி போல
ரவை கொட்டுகிற சத்தம், நெடுநேரம்.
"பரண்ல கிடந்துச்சு.
சின்னவளுக்கு இப்ப எட்டுது."
திரும்பிவிடக் கூடாதென்று
சிலுவைக் கயிற்றைக் கடித்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் பதினொன்று.
ஊரில் மிச்சம் எத்தனை என்று
மூவருக்குமே தெரியும்.

ஜீப்புக்குப் பெட்டியைத் தூக்க
ஆறு பேர் வேண்டியிருந்தது.

அன்றைக்கு
சிக்கந்தரும் நானும் மட்டும்.