நல்ல தண்ணீர்

காவேரிப்பட்டினம் என்று பெயர்.
ஓடுவதோ தென்பெண்ணை, அதுவும் ஓடும்போதுதான்.
பட்டினம் என்றால் கடல் இருக்க வேண்டுமாம்.
கடல் ஒரு ராத்திரி லாரி தூரம்.

நாங்கள் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள்.
மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
மரம் கழற்றி, பாய் சுருட்டி, டிரெய்லர் ஏறி
பட்டறை வாசலில் வந்து நின்றது படகு.
எடைமேடைக்காரன்கூட எழுந்து வந்து பார்த்தான்.

ஓசூர் பல் டாக்டர் நாகவேணி ஏலத்தில் எடுத்தது.
“எங்கேம்மா ஓட்டப் போறீங்க?” என்றான் முனிரத்தினம்.
“முதல்ல உள்ளே படுத்துப் பார்க்கணும்.
அதுக்கே பலகை ஒழுங்கா இல்லையே.”

குனிந்துதான் நுழைய வேண்டும்.
லாரி கேபின் போலத்தான்:
படுக்கை, அலமாரி, அடுப்புக்கு ஒரு பொந்து,
சுவரெல்லாம் தேக்கு ஒட்டிய பிளைவுட்.
ஜன்னலுக்குக் கீழே கறுப்பாய் இறங்கிய கறை.
வெனீர் உப்பி, தோசை ஓரம் போலச் சுருண்டு
விரல் வைத்தால் உதிர்ந்தது.
டாக்டர் கைப்பையிலிருந்து கொக்கி ஊசி எடுத்தார்,
பல்லைக் குத்திப் பார்க்கிற அதே ஊசி.
“இங்கே கெட்டி. இங்கே கெட்டி. இங்கே போச்சு.”
போன இடத்தில் நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.
திரும்பும்போது என் வாயைப் பார்த்தார்.
மூடிக்கொண்டேன்.

பித்தளைத் திருகு இருபத்தாறு.
இரண்டு மட்டும் தலை தேய்ந்து அடம் பிடித்தன.
பலகை கழன்றதும்
பின்பக்கத் தூளைக் கொஞ்சம் நாக்கில் வைத்தேன்.
கரிக்கவில்லை.
மேலே, கயிறு கட்டும் கொண்டிக்கு அடியில்
பசை செத்துப்போன ஒரு போல்ட் ஓட்டை,
ஈர்க்குச்சி நுழையும் அளவு.
பதினெட்டு வருஷம் கடல் தட்டியும் உள்ளே வரவில்லை.
கரையில் சும்மா நின்ற இரண்டு ஐப்பசியில்
மழை வந்து குடியேறிவிட்டது.

உப்பு மரத்தை ஊறுகாய் போட்டு வைக்கும்.
கெடுப்பது நல்ல தண்ணீர்.
இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
பாலக்கோட்டுப் பக்கம் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்.
கண்ணாடி மாதிரி இருக்கும்.
எட்டு வயதில் பல்லில் பழுப்பு வரி விழுந்தது.
கல்யாண போட்டோவிலும் உதட்டைப் பூட்டித்தான் நிற்கிறேன்.

கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் பூசி
காத்திருந்த மத்தியானம் கேட்டே விட்டேன்:
“இதைப் பல்லுக்குப் பூசலாமா டாக்டர்?”
“பூசினா கறை அப்படியே இருக்கும், பல்லு போயிடும்.
வாயைத் திறங்க ரியாசு.”
படகுக்குள் டார்ச் வெளிச்சம்.
“சொத்தை ஒண்ணுகூட இல்லை. வெறும் கறை.”
சொல்லிவிட்டு ஊசியைத் துடைத்து
அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

வட்டம் போட்டதை வெட்டி எடுத்தேன்.
இழுத்த இடத்தில் எபாக்சி, மேலே கிளாம்ப், ஒரு ராத்திரி.
ஒட்டுப்போட ஒரு முழம் தேக்கு கிடைக்கவில்லை.
கடைசியில் உடைக்க வந்த ஈரோட்டு லாரியில்
சாமி படம் மாட்டியிருந்த பலகையை எடுத்தோம்.
நான்கு ஆணி ஓட்டை.
அடைக்கவா என்றேன். இருக்கட்டும் என்றார்.
உப்புத்தாள் வைத்து மூன்று நாள் தேய்த்தேன்.
அந்தத் தாளின் பெயர் இந்த ஒரு வேலைக்குத்தான் பொருந்தியது.

சித்திரை. ஊருக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை குழாய்.
படகின் தலையில் இருபது குடம் ஊற்ற வேண்டும் என்றதும்
முனிரத்தினம் என்னைத் திட்டினான்,
பிறகு படகை, கடைசியில் டாக்டரை, அவர் இல்லாதபோது.
திட்டிக்கொண்டே ஊற்றினான்.

நான் உள்ளே, இருட்டில், டார்ச்சோடு.
தலைக்கு மேலே தண்ணீர் தடதடவென்று ஓடுகிறது.
போல்ட் ஓட்டை இருந்த இடம் காய்ந்தே இருக்கிறது.
போனில் டாக்டர்: “ஒழுகுதா?”
“இன்னும் இல்லை.”

அடுத்த குடத்தை எடுக்க முனிரத்தினம் தாவி இறங்க,
டிரெய்லர் ஸ்பிரிங் அமுங்கி எழும்ப,
படகு ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்ந்தது.
கை தானாகப் போய் அந்தப் பலகையைப் பிடித்தது,
ஆணி ஓட்டைகளின் மேல்.