புள்ளி 417

இன்று காலை நாற்பது பேரைச் செய்தேன்.
ஆறு பேருக்கு அவசரம் வைத்தேன்.
ஒருத்திக்குக் கைப்பேசி, குனிந்த தலை.
ஒருவருக்கு இடது முட்டியில் வலி.
நொடிக்கு ஒன்றேகால் மீட்டர்,
மழையென்றால் கொஞ்சம் கூட.
திரைக்குள் இருக்கிற ஜூரோங் ஈஸ்ட் நடைபாலத்தில்
அவர்களை நடக்கவிட்டு
நடுவே எங்கள் ரோபோவை அனுப்புகிறேன்.
யாரையும் இடிக்காமல் அது போய்ச் சேர வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

முதல் வாரம் என் மனிதர்கள் ரொம்ப ஒழுங்கு.
“இப்படி யாருமே நடக்கமாட்டாங்க லா” என்றாள் ஹுய் லிங்.
குடையை மறந்து திரும்பி ஓடுபவரைச் சேர்த்தேன்.
எஸ்கலேட்டர் முடிந்த இடத்திலேயே நின்று
எந்தப் பக்கம் என்று வாதிடும் குடும்பத்தைச் சேர்த்தேன்.
ரோபோ திணறியது.
கைதட்டினோம்.

பிறகு நிஜக் கேமராவின் பதிவு வந்தது.
முகமில்லை, உடையில்லை, வெறும் புள்ளிகள்.
புள்ளிக்கும் புள்ளிக்கும் அரை மீட்டர்,
நெரிசலில் அதுவும் கிடையாது.
417க்கு மட்டும் ஒன்றரை.
சிக்குக் கோலத்தின் இழைபோல்
எல்லாப் பாதையும் அதைச் சுற்றி வளைந்து
தொடாமல் போயிருந்தது.

கருவிப் பிழை என்று குறித்துவைத்தேன்.

மாலை ஏழு மணிக்கு நேரில் போய்ப் பார்த்தேன்.
அதே தூண்.
சிமெண்ட் படிந்த பூட்ஸ்,
பிறர்மேல் படாதிருக்க
முதுகுப் பையை மார்பில் மாட்டியிருந்தார்.
417 இவர்தானா, தெரியாது.
அப்படி நால்வர் நின்றார்கள்.
ஒருவர் போனில்
அறந்தாங்கிப் பக்கத்துத் தமிழில்
யாருக்கோ காய்ச்சல் விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன்.
மூன்றாம் தேதி, அந்நேரம், நானும் அவ்வழிதான்.
பயண அட்டையைத் தட்டிய நொடியை வைத்து
என்னைக் கண்டுபிடித்தேன்: 502.
வளைந்திருந்தேன்.
மற்றவர்களைவிடப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக.

எண்ணைத் திருத்தினேன்.
எல்லோருக்கும் எல்லோரும் அரை மீட்டர்.
“நிஜத்தன்மை ஏன் நாலு புள்ளி இறங்கிடுச்சு?”
ஹுய் லிங்குக்குக் காப்பி வாங்கப் போவதாகச் சொல்லி
எழுந்து போனேன்.

வந்து பார்த்தால்
ரோபோ தூணைக் கடக்கிறது,
எல்லோரையும்போல, நேராக.
அது நெருங்கும் முன்பே
417 பின்வாங்கித்
தூணோடு ஒட்டிக்கொள்கிறது.

அந்த வரியை நான் எழுதவே இல்லை.