தோன்றா எழுவாய்

குவோப்பியோ சிறை, மூன்றாம் மாடி, டிசம்பர்.
மதியம் இரண்டரைக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.
எதிரில் யால்மரி.
ஆடிய மேசைக்காலுக்குக்
காகிதம் மடித்து அண்டைகொடுத்தவன் அவன்தான்.
என் இருமலை விசாரித்தான்.
வெந்நீரில் தேன் விட்டுக் குடியுங்கள் என்றான்.

என் கையில் இருபது வரிப் படிவம்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு.
மேலோட்டமான வசீகரம்:
தேனுக்கு எவ்வளவு போட?

"கதவு திறந்திருந்தது.
பேச்சு நீண்டது.
கை போனது.
கழுத்தில் கொஞ்சம் அழுத்தமாகிவிட்டது.
அப்புறம் விடிந்துவிட்டது."

ஒலிப்பதிவை நான்காம் முறை ஓட்டுகிறேன்.
கதவுக்கு வினை உண்டு, பேச்சுக்கு உண்டு,
கைக்கும் உண்டு.
யாருடைய கை என்று கேட்டால்
சன்னலுக்கு வெளியே
பனி வாரும் வண்டியைப் பார்க்கிறான்.

'நான்' தெரியாதவன் இல்லை.
நான் கட்டிய படகு என்பான்,
நான் ஏமாந்த கதை என்பான்,
நான் வளர்த்த நாய்.
நாய்க்காக அழுதான், மூக்கைச் சிந்தி.
அந்த அழுகை பொய்யில்லை.
அதுதான் எனக்குச் சிக்கல்.

பயிற்சிக்கு வந்திருக்கும் இல்மா கேட்கிறாள்:
இவர்களை முகத்தில் கண்டுபிடிக்க முடியுமா?
முடிந்தால் இந்தப் படிவம் எதற்கு, பெண்ணே.
சிலருக்குக் கோபம். சிலருக்கு
ஒருவரைக் கையடக்கமாக்கிப் பார்க்கும் பசி.
சிலருக்கு அடுத்தவர் வலி
பக்கத்து வீட்டு வானொலி:
கேட்கிறது, என்ன பாட்டு என்றுதான் தெரிவதில்லை.
யால்மரி எந்த வகை என்று
நான் இன்னும் எழுதவில்லை.

கோப்பின் அடியில் வேறொரு வாக்குமூலம், ஆறு பக்கம்.
சிர்க்கு என்று அவள் பெயர்.
பதினெட்டு அமர்வில் ஒருமுறையும்
அவன் வாயில் வராத பெயர்.
"நான் சிவப்புக் கோட்டு போட்டிருந்தேன்.
நான்தான் காபிக்குக் கூப்பிட்டேன்.
நான் சத்தம் போட்டிருக்கலாம்.
நான் தாழ்ப்பாளை"
எண்ணிப் பார்த்தேன்,
எழுபத்துமூன்று 'நான்'.
அவன் போடாமல் விட்டதையெல்லாம்
அவள் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாள்.

அடுத்த வியாழன் ஒரே ஒரு வாக்கியம் கேட்பேன்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
மூன்று சொல்.
சொல்லிவிட்டால் திருந்தினான் என்று எழுதமாட்டேன்.
சொல்லக் கற்றான் என்று எழுதலாம்,
அதையும் பென்சிலில்.

கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டுகிறேன்.
இருமல் நிற்கவில்லை.
வீட்டில் தேன் இருக்கிறது,
பாதிப் போத்தல்.
மூன்று வாரமாக
மூடியைத் திறக்கவில்லை.