பாஸா, பணமா

சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில்
ஹர்லீன் என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
கேட்டாள்: பாஸா, பணமா?

மைக்கி அட்டைக்கே ஆறு டாலர். அது திரும்பாது.
பணம் ஏற்றினால் போகப்போகக் கழியும்.
பாஸ் என்றால் ஏழு நாள்,
எத்தனை தடவை வேண்டுமானாலும், எவ்வளவு தூரமானாலும்,
ஐந்து நாள் காசுக்கு.

பின்னால் வரிசை. ஒருவன் கையில் பால் புட்டி.
நானோ பனியன் கம்பெனியில்
பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால்
ஆற்றையும் அளந்துவிட்டுப் போடுகிறவள்.
கண்காட்சி ஆறு நாள், தங்குவது எட்டு,
போக ஒன்று, வர ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று,
விரலை மடக்கி, பாஸ் என்றேன்.
நல்ல முடிவு என்றாள் ஹர்லீன்,
எல்லோருக்கும் சொல்லும் குரலில்.

இரண்டு நாள் பயபக்தியோடு தொட்டேன்.
ஏறியதும் இயந்திரத்தின் நெற்றியில் அட்டையை வைத்து
அது ஒரு தரம் கீச்சிட்ட பிறகே உட்கார்வேன்.
வேறு யாரும் தொடவில்லை.
மெல்பர்ன் துணிச்சல்காரர்களின் ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான்
டிராமின் கூரையிலிருந்து வந்த அறிவிப்புக்குக் காது கொடுத்தேன்.
இது இலவச வட்டாரம். அட்டை வேண்டாம்.

என் விடுதி வட்டாரத்துக்குள்.
டாக்லண்ட்ஸில் கண்காட்சிக் கூடம், வட்டாரத்துக்குள்.
இட்லி கிடைக்கிற ஒரே கடையும்
சொல்லிவைத்தாற்போல் வட்டாரத்துக்குள்.

பாடம் படிச்சதா நெனச்சுக்க என்று சிரித்தாள்
பக்கத்து ஸ்டால் தமயந்தி.
படிப்புச் செலவுக்கு எங்கள் பேரேட்டில் தலைப்பு கிடையாது.

கூடம் மூடியதும் வசூலுக்குக் கிளம்பினேன்.
96-இல் செயின்ட் கில்டா.
கடல் இருந்தது. ஐந்து டாலர் சொச்சம் வரவு.
மறுநாள் 75-இல் வெர்மான்ட் சவுத்,
ஒரு மணி நேரத்துக்கும் மேலே;
இறங்கினால் கார்கள், மழை,
சக்கரவண்டிகளைக் கோத்துத் தள்ளும் ஒரு பையன்.
பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வரவு.
வில்லியம்ஸ்டவுனுக்கு ரயில். படகுகள் ஒன்றோடொன்று
உரசிக்கொண்டிருந்ததை அரைமணி பார்த்தேன்.
சனி ஞாயிறு கட்டணம் குறைவென்று தெரிந்ததும்
அதையும் நேர்மையாகக் கழித்தேன்.
விடுதியின் குறிப்பேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு.
இரண்டு நடை இன்னும் இடித்தது.

ஏழாம் நாள் இரவு 86-இல் பண்டூரா.
கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.
ஓட்டுநர் அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
டிராமுக்குள்ளேயே நடந்து வந்தாள், மறுமுனைக்கு.
டிராமுக்கு முன்னும் பின்னும் இல்லை.
அவள் போய் உட்காரும் பக்கம்தான் முன்.

இடத்தைத் தவறவிட்டாயா, என்றாள்.
இல்லை. ஏழு நாள் பாஸ், என்றேன்.
அது போதுமான காரணம்தான் என்பதுபோல்
தலையாட்டிவிட்டு
விளக்குகளை ஒருமுறை அணைத்துப் போட்டாள்.
இருட்டில் அந்த ஒரு கணம் யூகலிப்டஸ் வாசம்,
எங்கேயோ ஒரு நாய்,
என் ஒருத்திக்காக நின்றிருக்கும் முப்பது மீட்டர் வண்டி.

எட்டாம் நாள் அட்டை செத்துவிட்டது.
வட்டாரத்துக்குள் ஏறியபோது
கை தானாகப் பைக்குள் போய்த் திரும்பியது.
விமான நிலையப் பேருந்து அதை ஏற்காது என்பதையும்
கடைசியில்தான் தெரிந்துகொண்டேன்.

செலவுப் படிவத்தை விமானத்தில் நிரப்பினேன்.
பொங்கியண்ணன் சார் சிவப்பு மையில் கேட்பார்:
எல்லாம் இலவச வட்டாரம், பிறகு எதற்கு பாஸ்?
நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.
ரசீதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு
உள்ளூர்ப் போக்குவரத்து என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.